மண்டபம் உளவியல் வகுப்பு: பூனையையும் மீன்பாட்டையும் நான்கு கட்டத்தில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் இந்த அறிமுக உளவியல் வகுப்பு எட்டு வாரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கொள்கைகளை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. வாரம் ஒரு கூற்றை எடுத்து, யாரிடம் பார்த்தார்கள், எத்தனை பேர், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று துருவுகிறார்கள். போட்டித் தேர்வுக்குக் குறிப்பு தேடுபவர்களுக்கு இது சரிப்படாது.

இரண்டாம் வாரம்தான் உச்சம். "பூனை குறுக்கே போனா அன்னிக்குப் பாடு (வலையில் கிடைக்கும் மீன்) இருக்காது" என்று பலகையில் எழுதி, நான்கு கட்டம் போடுகிறார்கள். பயிற்சிக்காக நாற்பது நாள் கணக்கு. பூனை போய்ப் பாடும் இல்லாத நாள் 6. எல்லோரும் தலையாட்டுவது இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். பூனை போயும் பாடு கிடைத்தது 4. பூனை போகாமலே பாடு இல்லாதது 18. பூனையும் போகவில்லை, பாடும் உண்டு என்பது 12. பத்தில் ஆறு, முப்பதில் பதினெட்டு. இரண்டுமே 60 சதவீதம். அப்படியானால் இந்தக் கணக்கில் பூனைக்கும் வலைக்கும் தொடர்பே இல்லை. மற்ற மூன்று கட்டங்களை நாம் எண்ணாமல் விட்டால் எப்படி ஏமாறுவோம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நான்காம் வாரத்தில் உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் 1974-இல் செய்த சோதனை. விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, வண்டிகள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரி விடை மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டபோது" என்று கேட்டால் 31.8. அதையே வகுப்பில் தமிழில் செய்து பார்க்கிறார்கள். யோசனை நல்லது, செய்முறையில் பிழை. முன்வரிசைக்கு ஒரு வினாத்தாள், பின்வரிசைக்கு இன்னொன்று என்று கொடுக்கிறார்கள். பேருந்து தாமதமாகிக் கடைசியில் வருபவர்கள் பின்வரிசையில்தான் உட்கார்வார்கள். பின்னால் இருந்து திரையும் சரியாகத் தெரியாது. விடை மாறினால் அது சொல்லாலா, இடத்தாலா? தாள்களை ஒரே மாதிரி மடித்துக் குலுக்கிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். பக்கத்தில் இருப்பவரின் விடையைப் பார்க்காமல் எழுதவும் சொல்ல வேண்டும். குழுவுக்குப் பத்துப் பேர் என்றால் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆறாம் வாரம் ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனை; மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்க வைத்தது. 1971-இல் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லை. கடுமை காட்டும்படி காவலர்களைத் தூண்டியதற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. இதை மழுப்பாமல் பேசுகிறார்கள். கூடவே 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க முடிவு வந்தது என்பதையும் சொல்கிறார்கள். புள்ளியியலுக்கு ஒரே மாலைதான்; போதாது.

எங்களுக்குப் பெரிய வருத்தம் சேர்க்கைப் படிவத்தில். "நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா?" என்று அதில் ஒரு கேள்வி. கற்கும் பாணிக்கேற்பச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இலேயே உளவியலாளர் பாஷ்லரின் குழு ஆராய்ந்து சொல்லிவிட்டது. ஆதாரம் கேட்கச் சொல்லித்தரும் இடத்தில் இந்தக் கேள்வி இருக்கக் கூடாது. நிர்வாகம் உடனே எடுத்துவிட வேண்டும்.

படகுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சேர்வதே வசதி. எட்டு வாரமும் அதற்குள் அடங்கிவிடும். சதுரக் கட்ட நோட்டு ஒன்று கொண்டுபோங்கள். கட்டம் போட்டே கை ஓயும்.