கராஜ்பேண்டிலேயே இருப்பதா, லாஜிக்கா, ரீப்பரா?

என் மேக்கில் 'பாட்டு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. போன வாரம் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 37 கராஜ்பேண்ட் ப்ராஜெக்ட். (கராஜ்பேண்ட், மேக்கோடு வரும் பாட்டுப் பதியும் மென்பொருள்.) பல்லவியோடு நின்றுபோனவை 22. சரணம் வரை வந்து, அதற்கப்புறம் நகராதவை 11. முடித்து நாலு பேருக்கு அனுப்பியவை 4.

ஆறு மாதமாக, ஆப்பிளே விற்கும் பெரிய பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோ வாங்கலாமா, இல்லை அதைவிட விலை குறைந்த ரீப்பரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் யோசனைக்கு ஒரு உருவம் வந்தது. அந்த 22 பல்லவிக்கும் மென்பொருள் பொறுப்பில்லை. எனக்குச் சரணம் வரவில்லை, அவ்வளவுதான். எந்த நிறுவனமும் சரணம் விற்பதில்லை. ஆனால் அந்த 11 பாட்டு வேறு கதை. டியூன் இருக்கிறது, வரி இருக்கிறது, பாடியும் வைத்திருக்கிறேன். முடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே முட்டி நின்றது என்று பார்த்தேன். கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்த 11 பாட்டுகளிலிருந்து வந்தது.

முதலில், சுவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்து, உண்மையில் சுவராக இல்லாதவை. ஒரு பாட்டு விருத்தத்தில் தொடங்குகிறது. தாளமில்லாமல் ஒரு நிமிடம் பாடி, பிறகு பாட்டு எடுக்க வேண்டும். 'க்ளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) ஓடும்போது விருத்தம் எப்படிப் பாடுவது, இதற்கு லாஜிக்தான் வேண்டும்' என்று தள்ளி வைத்திருந்தேன். க்ளிக்கை அணைத்துவிட்டுப் பாடி, பாட்டின் முதல் அடி எங்கே விழ வேண்டுமோ அதற்கு முன்னால் அந்த ஒலித்துண்டை இழுத்து வைத்தால் வேலை முடிந்தது. பத்து நிமிடம். இன்னொன்று கும்மி மெட்டு, போகப் போக வேகம் ஏற வேண்டும். கராஜ்பேண்டிலேயே வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றும் டெம்போ ட்ராக் இருக்கிறது. மெனுவில் ஒளிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. ட்ராக் (ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் ஒரு வரிசை) எண்ணிக்கையும் அப்படித்தான். கராஜ்பேண்டில் 255 ட்ராக் வரை போகலாம். என் பாட்டில் பதினாறைத் தாண்டியதில்லை.

இனி நிஜமான சுவர்கள்.

பெரியது, குரல். ஒரு சரணத்தை ஆறு முறை பாடுகிறேன். முதல் வரி மூன்றாவது டேக்கில் நன்றாக இருக்கிறது, இரண்டாவது வரி ஐந்தாவதில், கடைசிச் சொல் முதல் டேக்கில். கராஜ்பேண்டில் சுழற்சியில் விட்டுப் பாடினால் எல்லா டேக்கையும் வைத்துக்கொள்ளும், ஆனால் முழு டேக்காகத்தான் தேர்ந்தெடுக்க விடும். வரிவரியாகப் பொறுக்க வேண்டுமென்றால் கத்தரித்து, நகலெடுத்து, வேறு ட்ராக்கில் ஒட்டி, மூச்சு வெட்டுப்படாமல் பார்த்து, ஒரு மாலை போய்விடும். லாஜிக்கில் எல்லா டேக்கும் ஒன்றன் கீழ் ஒன்றாக விரியும். பிடித்த இடத்தை மவுஸால் தேய்த்தால் அந்தந்த டேக்கிலிருந்து எடுத்துக் கோத்துவிடும். இதே வசதி ரீப்பரிலும் உண்டு, 2023இல் வந்த ஏழாம் பதிப்பில் இன்னும் இலகுவாகிவிட்டது. என் 11 பாட்டில் ஆறு இந்த ஒரே இடத்தில்தான் நின்றிருக்கின்றன. பாடினேன், பொறுக்க அலுப்பு, மூடி வைத்துவிட்டேன்.

அடுத்தது ஸ்ருதி திருத்தம். நம் பாட்டு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கராஜ்பேண்டில் இதற்கு ஒரே ஒரு நகர்த்துக் குமிழ். 'பாட்டின் ஸ்கேலுக்குள் அடக்கு' என்று ஒரு பெட்டி, அவ்வளவுதான். அந்த ஸ்கேல் (ஸ்வர வரிசை) மேற்கத்திய மேஜர் அல்லது மைனர். மாயாமாளவகௌளையில் ஒரு மெட்டுப் போட்டு, சி-யை ஆதாரமாக வைத்துப் பாடுகிறீர்கள் என்று வையுங்கள். சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் சி மேஜரில் கிடையாது. பெட்டியை டிக் செய்தால் அந்த ரி-யைப் பிடித்து ஸ-வுக்கோ சதுஸ்ருதி ரி-க்கோ தள்ளிவிடும். ராகமே போச்சு. லாஜிக்கின் திருத்தக் கருவியில் எந்தெந்த ஸ்வரம் வேண்டும் என்று கீபோர்டு படத்தில் நாமே தொட்டு வைக்கலாம், ரீப்பரோடு வரும் ரீட்யூனிலும் இது முடியும். ஸ்வர ஸ்தானப் பிரச்சினை இதோடு தீர்ந்தது.

கமகப் பிரச்சினை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில் வரும் சிக்கல், தீராது. லாஜிக்கின் ஃப்ளெக்ஸ் பிட்ச் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனிக் கட்டையாகக் காட்டுகிறது. கட்டையை ஏற்றலாம், இறக்கலாம், அதன் அசைவைக் குறைக்கலாம். நேராக நிற்கும் ஸ்வரத்துக்கு அருமை. நீளமாக அசைத்துப் பாடிய காந்தாரத்தை அதில் போட்டால் ஒரு ஸ்வரத்தை நாலு துண்டாக நறுக்கிக் காட்டும். அதைத் தொடாமல் விட்டுவிட்டு, நேராக நின்று தப்பிய இடங்களை மட்டும் சரிசெய்வது என் பழக்கம். ரீட்யூனிலும் கையால் திருத்தலாம், ஆனால் காட்சியும் தெளிவில்லை, ஒலியும் லாஜிக் அளவுக்கு இயல்பாக இல்லை. இந்த இடத்தில் லாஜிக்குக்கே என் ஓட்டு.

மூன்றாவது, தாளம். ஒரு பாட்டில் பல்லவி ஏழில் போகிறது, சரணம் நாலுக்கு மாறுகிறது. கராஜ்பேண்டில் ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரே தாளக் கணக்கு. திரையில் தெரியும் தாளக் கோடுகளைக் கண்டுகொள்ளாமல் பாடிப் பதியலாம், குரலுக்கும் கிதாருக்கும் கட்டம் தேவையில்லை. தானே ட்ரம்ஸ் வாசிக்கும் ட்ரம்மர் ட்ராக்கும், திரும்பத் திரும்ப ஓடும் லூப்பும் வைத்த உடனே குளறுபடி. லாஜிக், ரீப்பர் இரண்டிலும் எந்த இடத்திலும் மாற்றலாம். மிஸ்ரத்தில் (ஏழு எண்ணிக்கையில்) அடிக்கடி பாட்டுப் போடுகிறவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆதி தாளத்தைத் தாண்டாதவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இதோடு ஒட்டிய ஒன்று: லாஜிக்கில் 2018இல் வந்த ஸ்மார்ட் டெம்போ. க்ளிக் இல்லாமல் கிதாரை வாசித்துக்கொண்டே தத்தகாரம் பாடிப் பதிகிறோம். வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். மென்பொருள் நம் வாசிப்பைக் கேட்டு அதற்கேற்ப கட்டங்களை வளைத்துக்கொள்கிறது. பிறகு ட்ரம்ஸ் வைத்தால் நம் வேகத்துக்கு அது வருகிறது. பாட்டுப் பிறக்கும் நேரத்தில் க்ளிக் ஒரு தொல்லை என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய விடுதலை. ரீப்பரில் இதையே கையால், ஒவ்வொரு அளவாகக் குறித்து உட்கார வேண்டும். பொறுமைசாலிகள் செய்கிறார்கள். நான் இரண்டு முறை முயன்று விட்டுவிட்டேன்.

நாலாவது, மிக்ஸுக்கு (எல்லா ஒலியையும் சமன்செய்து கலப்பதற்கு) அனுப்புவது. எனக்கு மிக்ஸ் செய்துதரும் நண்பர் எல்லா ட்ராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாகக் கேட்பார். கராஜ்பேண்டில் மொத்தமாக வெளியே எடுக்கும் வழி இல்லை; ஒவ்வொன்றையும் சோலோ போட்டு, ஏற்றுமதி செய்து, பெயர் வைத்து... பதினாறு ட்ராக் என்றால் பதினாறு முறை. நடுவில் எக்கோவை அணைக்க மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மற்ற இரண்டிலும் ஒரே கட்டளை. இதற்குக் காசு செலவில்லாத ஒரு குறுக்கு வழி உண்டு: லாஜிக் வைத்திருப்பவரிடம் கராஜ்பேண்ட் ப்ராஜெக்டையே கொடுத்துவிடலாம், அப்படியே திறக்கும். என் நண்பரிடம் லாஜிக் இல்லை.

இப்போது காசு. கராஜ்பேண்ட் மேக்கோடு இலவசம். லாஜிக்கின் அமெரிக்க விலை 199.99 டாலர், ஒரே தடவை. 2013இல் லாஜிக் ப்ரோ எக்ஸ் வாங்கியவருக்கு 2024இல் வந்த 11ஆம் பதிப்பும் கூடுதல் காசில்லாமல் கிடைத்தது. அந்தப் பதினொரு வருடத்தைக் கணக்கில் எடுத்தால் விலை பெரிதாகத் தெரியாது. ரீப்பர் 60 டாலர். சொந்த உபயோகத்துக்கும், வருட வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் இந்த விலை. அதற்கு மேல் 225. 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். இப்போது ஏழாம் பதிப்பில் வாங்கினால் எட்டாம் பதிப்பு முடியும்வரை செல்லும். இதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் வின்ஆம்ப்பையும் எழுதியவர். எம்பி3 காலத்து ஆட்களுக்கு இந்தப் பெயரே ஒரு நம்பிக்கை.

ஆனால் ரீப்பரின் 60 டாலரை அப்படியே நம்ப வேண்டாம். அது காலி வீடு. சுவர் உறுதி, கரண்ட் இருக்கிறது, நாற்காலிகூடக் கிடையாது. பியானோ, ட்ரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் நாமே தேடிக் கொண்டுவர வேண்டும். இலவசமாக நல்லவை கிடைக்கின்றன. ஆனால் தேடி, இறக்கி, பழகி முடிப்பதற்குள் ஒரு மாதம் பாட்டு எழுதாமல் போய்விடும். லாஜிக் அதற்கு நேரெதிர். முழு ஒலி நூலகத்தையும் இறக்கினால் 70 ஜிபிக்கு மேல் வாங்கும். 256 ஜிபி மேக் வைத்திருப்பவர்கள் வெளி எஸ்எஸ்டி ஒன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள், நூலகத்தை அதற்கு மாற்றிக்கொள்ள முடியும். தவில், பறை வேண்டுமென்றால் இரண்டையும் நம்பாதீர்கள். வாசிக்கிறவரைக் கூப்பிட்டு மைக் வைப்பதுதான் வழி.

விண்டோஸ்காரர்களுக்கு லாஜிக் என்ற பேச்சே இல்லை. 2002இல் ஆப்பிள், லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. ரீப்பரை யோசிக்காமல் எடுக்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவும் வாழ்நாள் இலவச மேம்படுத்தல் தருகிறது, பீட் போடுகிறவர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். ஆனால் அதன் மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் குரலைப் பதிய முடியாமல் இருந்தது. இது தெரியாமல் வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். க்யூபேஸ் நல்ல மென்பொருள், 1989 முதல் இருப்பது. பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் மேம்படுத்தல் கட்டணம் உண்டு என்பதால் என் பட்டியலில் சேர்க்கவில்லை.

லாஜிக் 11இல் வந்த இரண்டைப் பற்றி நண்பர்கள் நிறையப் பேசுகிறார்கள். ஒன்று செஷன் ப்ளேயர்கள்: கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கொடுத்தால் பேஸும் கீபோர்டும் தானே வாசிக்கும். கார்டு வைத்துப் பாட்டுக் கட்டுகிறவருக்கு உதவும். ராகத்தில் கட்டுகிறவருக்கு வீட்டுக்கு வந்த தெரியாத விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று ஸ்டெம் ஸ்ப்ளிட்டர், கலந்த ஒலியிலிருந்து குரலைத் தனியாகப் பிரிப்பது. இதற்கு எம்1 முதலான ஆப்பிள் சிப் வேண்டும். ஃபோனில் கிதாரோடு பாடிப் பதிந்த பழைய மெட்டுகளில் குரலை மட்டும் எடுக்க எனக்கு இது வேண்டும் என்று தோன்றியது. பிறகு நேர்மையாகக் கேட்டுக்கொண்டேன்: அந்தக் குரலை வைத்துப் பாட்டை முடிக்கப் போகிறேனா, மறுபடி பாடப் போகிறேனா? மறுபடிதான் பாடுவேன்.

இதே பணத்துக்கு நாலாவது ஒரு போட்டியாளரும் இருக்கிறது: அறை. என் பதிவுகளை ஹெட்ஃபோனில் கேட்டால் மிக்ஸர் இல்லாத குறையைவிட மொட்டைச் சுவரின் எதிரொலிதான் முதலில் காதில் விழுகிறது. ஃபேனை நிறுத்தினால் வியர்வை, ஓட விட்டால் இரைச்சல். எந்த மென்பொருளாலும் இந்த இரண்டையும் சுத்தமாக எடுக்க முடியவில்லை. பின்சுவரில் கனமான ஜமுக்காளம் இரண்டை மாட்டினேன், துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு எதிரே நின்று பாடினேன். செலவு பூஜ்ஜியம். குரல் பக்கத்தில் வந்துவிட்டது.

என் முடிவு: லாஜிக். காரணம், டேக் பொறுக்குவதும் தாளம் மாறுவதும் சேர்ந்து 11இல் எட்டுப் பாட்டை அடைத்து வைத்திருக்கின்றன. ப்ராஜெக்டுகளை அப்படியே திறந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரீப்பருக்குப் போனால் அந்த 11ஐயும் ஒலித்துண்டுகளாக வெளியே எடுத்து மறுபடி அடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. நான் புதிதாகத் தொடங்குபவனாகவோ விண்டோஸ்காரனாகவோ இருந்திருந்தால் பதில் மாறியிருக்கும். சொந்தக் குரலில் பாடாமல், டியூனை மட்டும் பதிந்து வேறொருவருக்குக் கொடுக்கிறவர் என்றால் கராஜ்பேண்டை விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை.

வாங்குவது மட்டும் இப்போது இல்லை. கையில் ஒரு பாட்டு பாதியில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் பாதிப் பாட்டில் ஒரு மேம்படுத்தலைச் செய்தேன். ஒரு பிளக்-இன் (மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி) புதிய பதிப்பில் திறக்கவில்லை, விற்ற நிறுவனம் மூன்று வாரம் கழித்து 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டது, அந்தப் பாட்டின் வயலின் பகுதியை இன்றுவரை திரும்பச் செய்யவில்லை. அதனால் இந்தப் பாட்டை முடித்து அனுப்பிய மறுநாள்தான். அன்றைக்கு முதல் வேலையாக 'பாட்டு' ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். கராஜ்பேண்ட் ப்ராஜெக்டை லாஜிக் திறக்கும். லாஜிக்கில் சேமித்ததைக் கராஜ்பேண்ட் திறக்காது.