உறைபோட்ட கம்பியா, பழுதை அடக்கும் கருவியா?

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளை, எல்ல பக்கம் ஆடி ஆவணியில் மானாப்புல் காய்ந்து கிடக்கும். அங்கே தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதுதான். ஆனாலும் காற்றில் ஆடும் மின்கம்பியைப் பார்த்தால் பயம் வரத்தானே செய்யும்? அந்தக் கம்பியால் தீ பிடிக்காமல் தடுக்க இரண்டு வழி உண்டு: கம்பிக்கு மின்காப்பு உறை போடுவது (உறைக்கம்பி), அல்லது பழுது வந்ததும் அதை அடக்கும் கருவியை (ஆங்கிலத்தில் REFCL) வைப்பது.

வேலை செய்யும் விதம்
உறைக்கம்பி: கிளை உரசினாலும் சட்டென்று பொறி பறக்காது.
கருவி: உப மின் நிலையத்தில் இருக்கும். ஒரு கம்பி அறுந்து மண்ணைத் தொட்டால், அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தை உடனே இறக்கிவிடும். 2009 பெப்ரவரி 7 தீயில் 173 பேரைப் பறிகொடுத்த அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 22,000 வோல்ட் கம்பிகளுக்கு இதைப் பொருத்தினார்கள். பெரிய பழுதென்றால் 85 மில்லிசெக்கனில் 1,900 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

ஓட்டை
உறைக்கம்பி: மரமே சாய்ந்தால் அறுந்துவிடலாம்.
கருவி: இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று மோதினால் கைவிரித்துவிடும். ஒரு கம்பி மண்ணைத் தொட்ட பழுதின்போது, மூன்றில் மற்ற இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் சுமார் 1.7 மடங்கு ஏறும். கம்பத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் பழைய பீங்கான்கள் தாங்காது, மாற்ற வேண்டும். செலவு பெருகுவது இங்கேதான்.

செலவு
உறைக்கம்பி: தூரத்துக்கு ஏற்ப ஏறும்.
கருவி: ஒரே இடத்தில் பெரிய தொகை; பீங்கான் மாற்றும் செலவு வேறு.

யூக்கலிப்டஸ் தோப்புக்குள் ஓடும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் கவலை என்றால் உறைக்கம்பி போதும். ஒரே நிலையத்திலிருந்து பல மலைகளுக்குக் கம்பி பிரிகிறதென்றால் கருவிதான் சரி. நம் பக்கத்து 33,000 வோல்ட்டுக்கு ஏற்றதாக வாங்க வேண்டும், அவ்வளவுதான். எதுவானாலும் முதலில் கிளையை வெட்டுங்கள்.