மிதக்கும் பிரிட்ஜா, அசையாத பிரிட்ஜா?

என்னிடம் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் உண்டு. பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கி நிற்கும் உலோகப் பகுதி. பழையதில் ஃபிளாய்ட் ரோஸ் என்ற பிராண்டின் உரிமத்தில் தயாரான மிதக்கும் பிரிட்ஜ், அதாவது ஒரு லீவரால் ஆட்டக்கூடியது; பிறகு வாங்கியதில் அசையாத பிரிட்ஜ். கை தானாகப் போவது இரண்டாவதை நோக்கித்தான்.

ஒலி வேறுபாட்டைப் பற்றி விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். ஆம்ப்ளிஃபையரில் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்றிய பிறகு என் காதுக்கு அது எட்டுவதில்லை. லீவரை அழுத்தித் தந்திகளைத் தொய்யவிட்டு உடனே சுருதிக்குத் திரும்புவதில் ஃபிளாய்ட் ரோஸுக்கு நிகரில்லை. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலனைக் கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய விஷயம் பராமரிப்புதான். மிதக்கும் பிரிட்ஜ், தந்திகள் ஒருபுறமும் பின்குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் மறுபுறமும் இழுக்க, நடுவே நிற்கிறது. ஒரு தந்தியை இறுக்கினால் மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். ஒன்று அறுந்தாலோ மற்றவை எல்லாம் ஏறிவிடும். மேடையில் அதைச் சமாளிப்பது பெரும்பாடு. 9-42 தந்தி செட்டின் (மிக மெல்லிய தந்தியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, மிகத் தடித்ததன் தடிமன் 42) மொத்த இழுவிசை சுமார் 39 கிலோ. 10-46 செட்டுக்குச் சுமார் 47. தடிமன் மாற்றினால் அந்த எட்டு கிலோவை ஈடுகட்ட ஸ்பிரிங் திருகுகளை இறுக்க வேண்டும், சுருதி சேர்க்க வேண்டும், பிரிட்ஜ் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடியும் இறுக்க வேண்டும். தந்தியின் குண்டு முனையை வெட்டி, ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) சேடிலில், அதாவது பிரிட்ஜில் தந்தி ஊன்றும் சிறு துண்டில், பூட்டும் வேலை வேறு.

அசையாததில் தந்தியைக் கோத்துச் சுருதி சேர்த்தால் ஆயிற்று. 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கைவிட (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். வியர்வையில் சேடில் திருகுகள் துருப்பிடிப்பது மட்டும் இரண்டுக்கும் பொது: வாசித்ததும் துடைத்துவிடுங்கள், தந்தி மாற்றும்போது பல்குச்சி நுனியால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் வையுங்கள்.

மலிவு உலோகத்தில் செய்த மிதக்கும் பிரிட்ஜில், அது ஊன்றி ஆடும் கத்தி விளிம்பு தேய்ந்துவிடும். பிறகு சுருதி திரும்பாது. விலை உயர்ந்த அசல் ஃபிளாய்ட் ரோஸை நான் அதிகம் வாசித்ததில்லை என்பதால், என் சலிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே லீவர் உள்ள ஸ்ட்ராடோகாஸ்டர் வகை கிட்டார் வைத்திருந்து, அதன் லீவர் உறைக்குள்ளேயே கிடக்கிறதென்றால், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ப்ளூஸ்-ராக் கலைஞர் எரிக் கிளாப்டனின் கிட்டார்களில் உள்ளதுபோல் ஐந்து ஸ்பிரிங்குகளையும் மாட்டி, பின்குழியில் ஒரு மரக்கட்டையைச் செருகினால் அதுவும் அசையாத பிரிட்ஜ்தான்.