கணக்கில் தனியாக இல்லாத எங்கள் ஊர்

அப்பா காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்க 2025 ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். 14 வருடமாகக் குவைத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் கீழக்கரைக்கு மேற்கே, கடலும் பனையும் உடைமரமுமாக இருக்கும் சின்ன ஊர்.

இ-சேவை மையத்தில் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். "ஊர் பேர் சொல்லுங்கண்ணே." சொன்னேன். திரையில் வந்த பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. "வருவாய் கிராமம் எது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாதான் சொன்னார்: நாலு கிலோமீட்டர் உள்ளே, கண்மாய்க் கரையில் இருக்கும் ஊர். எங்கள் பட்டாவும் சிட்டாவும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. ஊராட்சி அலுவலகம் இருப்பது இன்னொரு ஊரில். தபால் வருவது மூன்றாவது ஊரின் பெயரில். அரசுக்கு நாங்கள் ஒரு குக்கிராமம், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தில் மனு ஒருமுறை திரும்பி வந்தது. ஆதாரில் ஒரு ஊர், மனுவில் வேறு ஊர் என்பதுதான் காரணம். அப்பா பிறந்து வளர்ந்து அடங்கிய இடத்தை ஒருவர் "அப்படி ஒரு ஊரே இல்லையே" என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம் விஏஓ நேரில் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். சான்றிதழ் வந்துவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை.

எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எந்தத் தாளிலும் தனியாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு 13,53,445 பேர். வருவாய் கிராமம் வரைக்கும் கணக்கு இறங்கி வருகிறது, அதற்குக் கீழே பிரிவதில்லை. கண்மாய்க்கரை ஊரின் எண்ணிக்கைக்குள் நாங்கள் கரைந்து கிடக்கிறோம். தனி ஊராட்சி கேட்கலாம் என்றால், 1994 ஊராட்சிகள் சட்டப்படி குறைந்தது 500 பேராவது இருக்க வேண்டும். இருக்கிறோமா?

சரி, நாமே எண்ணிப் பார்ப்போம் என்று சித்தப்பாவும் நானும் ஒரு சாயங்காலம் நோட்டோடு கிளம்பினோம். 118 வீடு. அதில் 27 வீட்டில் பூட்டு. இருப்பவர்கள் 396 பேர். வளைகுடா, மலேசியா, சென்னை என்று வெளியே இருப்பவர்கள் 140க்கு மேல். வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா, "எம்பேரனையும் எழுதுப்பா, துபாய்ல இருக்கான்" என்றார். எழுதினேன். ஆனால் அரசாங்கக் கணக்கெடுப்பு நாட்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் கட்டிய வீடு வரும், ஆள் வரமாட்டார். குடிநீருக்கு எத்தனை குழாய், தெருவிளக்கு எத்தனை, ரேஷன் கடை இங்கேயா அங்கேயா என்று பேச்சு வரும்போதெல்லாம் தலை எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்குக் கடைசியாக வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஊராட்சித் தலைவரிடம் சொல்லலாம் என்றால் அப்போது தலைவரே இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது, தனி அலுவலர் பொறுப்பில்தான் நிர்வாகம் நடந்தது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் பட்டியலையே மனுவாகக் கொடுத்தோம்: பதிவுகளில் வருவாய் கிராமத்தோடு குக்கிராமத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், எங்களைத் தனியாக எண்ணிச் சொல்லுங்கள் என்று. ஊராட்சிச் செயலாளர் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் சித்தப்பா பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த நோட்டை சித்தப்பா ரேஷன் கார்டு வைக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.