ஹாம்ஸ்டர் கூண்டுக்குக் காகிதமா, மரச்சீவலா?

வீட்டில் சேரும் வெற்றுக் காகிதத்தைக் கிழித்து, ஹாம்ஸ்டர் என்ற வளர்ப்பு எலியின் கூண்டில் படுக்கையாகப் போட்டால் செலவில்லை, குப்பையும் குறையும், அதையே 15 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அமுக்கி நிரப்பினால் ஹாம்ஸ்டர் தோண்டும் சுரங்கம் சீவலில் தோண்டியதைப் போலச் சட்டென்று சரியாது (பளபளப்புத் தாள் மட்டும் வேண்டாம்). ஆனால் காகிதம் சீக்கிரம் நமுத்துவிடும். மரச்சீவல் நாற்றத்தை நன்றாகவே அடக்கும். ஆனால் சிடார், பைன் மரச் சீவலின் வாசனை நமக்குத்தான் பிடிக்கும், ஹாம்ஸ்டரின் குட்டி மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஆஸ்பென் மரச் சீவல் என்றால் சரி.

என் ஓட்டு காகிதத்துக்கே. எதைப் போட்டாலும் மொத்தத்தையும் அடிக்கடி கொட்டாதீர்கள், ஹாம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும், கட்டி தட்டிய அந்த ஈரப் பகுதியை மட்டும் அள்ளினால் போதும். அள்ளியதை மட்கவைத்துப் பூச்செடிக்குப் போடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.