லேப்டாப்பில் சிவப்புக் குறியைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள், ஏமாறாதீர்கள்

மெதுவாக இயங்குகிறது என்று பெரியப்பா தன் லேப்டாப்பை எங்கள் பகுதிக் கடை ஒன்றில் கொடுத்தார். அதில் அவர் செய்வதெல்லாம் பென்ஷன் கணக்குப் பார்ப்பது, மின்கட்டணம் கட்டுவது, பேரனோடு வீடியோவில் பேசுவது, அவ்வளவுதான். கடைக்காரர் ஈவென்ட் வியூவரைத் திறந்து, வரிசையாக நின்ற சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, "இத்தனையும் வைரஸ் சார், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள்" என்றாராம். 6,500 ரூபாய் கைமாறிவிட்டது.

ஈவென்ட் வியூவர் என்பது விண்டோஸ் தன் அன்றாட நடப்புகளைத் தானே எழுதிவைக்கும் பதிவேடு. ஒரு சேவை தொடங்கத் தாமதமானாலும் அங்கே குறி விழும். நன்றாக ஓடும் கணினியிலும் இந்தக் குறிகள் இருக்கும். சந்தேகமிருந்தால் உங்கள் கணினியிலேயே திறந்து பாருங்கள். தொலைபேசியில் "கணினி நிறுவனத்திலிருந்து பேசுகிறோம்" என்று அழைக்கும் மோசடிக்காரர்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் வித்தைதான் இது. இப்போது கடை போட்டும் காட்டுகிறார்கள்.

ரசீதில் "மூன்று வருட முழுப் பாதுகாப்பு" என்று இருந்தது. உள்ளே பார்த்தால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு ஆன்டிவைரஸ்கள். அவற்றில் ஒன்று முப்பது நாள் இலவசச் சோதனைப் பதிப்பு! இதற்கெல்லாம் மேலாக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றும் இருந்தது. கணினியைத் திறந்ததும் அதுவும் தானாகவே ஓடத் தொடங்குகிறது, கடவுச்சொல் கடைக்காரர் வைத்தது. பாதுகாப்பு என்று பணம் வாங்கிக்கொண்டு வீட்டுச் சாவியில் ஒரு நகல் எடுத்துவைப்பதற்கு என்ன பெயர்? முதலில் அதை நீக்கினேன். பிறகு வேறொரு கணினியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றினோம்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. இப்படிப்பட்ட சாதாரணப் பயன்பாட்டுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. அப்டேட்டைத்தான் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னக்ரை வைரஸுக்கான திருத்தம் மார்ச்சிலேயே இலவசமாக வந்திருந்தது. பெரியப்பாவிடம் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான், அதை மட்டும் சொல்லவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "விற்ற லைசென்ஸை வாபஸ் வாங்க மாட்டோம்" என்றார். ரசீதோடு நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.