காலி வீதியின் இரவுக்கு எந்த விளக்கு?

கொழும்பில் ஆண்டின் எந்த மாதத்திலும் சூரியன் ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் நன்றாக இருட்டிவிடும். புறக்கோட்டையில் கடை சாத்திவிட்டு வெள்ளவத்தைக்குச் சைக்கிளில் திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு விளக்கு அன்றாடத் தேவை. தெருவிளக்குகள் எரியும் காலி வீதியில் (காலி நகருக்குப் போகும் பெருந்தெரு) பாதையைப் பார்க்கப் பெரிய வெளிச்சம் வேண்டியதில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் சாரதி நம்மைத் தூரத்திலேயே கண்டுகொள்வதுதான் முக்கியம். அதையே அளவுகோலாக வைத்து ஒவ்வொரு வகையையும் எடைபோடுகிறேன்.

ரயரில் உரசி ஓடும் பழைய டைனமோவின் மீது எனக்குத் தனிப் பாசம் உண்டு. மின்சாரம் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல் இருந்த 1990களின் யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில்தான் வானொலிச் செய்தி கேட்டோம். 6 வோல்ட், 3 வாட்டு அளவில் இயங்கும் அந்தச் சிறு கருவிக்கு அன்றாடச் செலவு எதுவும் இல்லை. ஆனால் சில்லு நின்றால் விளக்கும் அணைந்துவிடும் என்பது கொழும்பில் பெருங்குறை. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்காக நிற்கும்போது, பின்னால் ஒரு பஸ் நெருங்கி வரும் அந்த நேரத்தில்தான், நம் பின்விளக்கு இருண்டு கிடக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை வேளையில் இடியுடன் கொட்டும் மழையில் ரயரின் பக்கவாட்டு நனைந்ததும், டைனமோவின் உருளை வழுக்கத் தொடங்கி வெளிச்சம் துடித்துத் துடித்து மங்கும்.

சில்லின் அச்சிலேயே பொருந்தும் டைனமோவில் உரசலும் இல்லை, வழுக்கலும் இல்லை. அதற்கென வரும் நல்ல எல்.ஈ.டி. விளக்குகளில் ஒரு மின்தேக்கி இருப்பதால், சைக்கிள் நின்ற பின்னும் சில நிமிடங்கள் எரியும். முன்சில்லையே புதிதாகக் கட்ட வேண்டியிருப்பதாலும் விலை அதிகம் என்பதாலும், தினமும் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் செய்யும் எல்.ஈ.டி. விளக்குதான் இப்போது பெரும்பாலானோரின் தெரிவு. என் தெரிவும் அதுவே. நின்றாலும் ஓடினாலும் ஒரே அளவில் எரிகிறது. முன்னால் 200 முதல் 400 லூமன் வரை இந்த நகரத்துக்குத் தாராளம். அதற்கு மேற்பட்டதை நேராகப் பிடித்தால் எதிரே வரும் முச்சக்கரவண்டிக்காரருக்குக் கண் கூசும். சார்ஜ் தீர்ந்தால் இருட்டுத்தான் என்பது இதன் பலவீனம். 2022இல் எரிபொருள் இல்லாமல் பலர் சைக்கிளுக்குத் திரும்பிய அதே மாதங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டும் இருந்தபோது, டைனமோ வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். வாங்கும்போது ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறியீட்டையாவது பாருங்கள். எப்பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பது அதன் பொருள். மரைன் டிரைவ் வழியே ஓடுபவர்கள் சார்ஜ் துவாரத்தின் ரப்பர் மூடியையும் கவனிக்க வேண்டும். என் முதல் விளக்கின் மூடி தளர்ந்து, உப்புக்காற்று புகுந்து, உள்ளே உலோக முனைகளில் பச்சைக் களிம்பு படிந்து, ஒரு பருவமழைக்குள் அது செத்துப்போனது.

நாணயம் போன்ற சிறு பற்றரியில் மின்னும் மலிவு விளக்குகளை அவசரத்துக்குப் பையில் வைத்திருக்கலாம்; அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

மின்னும் விளக்கா, நிலையாக எரியும் விளக்கா என்பது தனிக் கேள்வி. மின்னுவது கண்ணை உடனே இழுக்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சாரதிக்குக் கணிப்பது கடினம். அதனால் பின்னால் நிலையாக எரியும் சிவப்பையே வைத்திருக்கிறேன். எதுவானாலும் ஓயாமல் எரிவதில் பயன் உண்டு: டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004இல் தொடங்கி ஓராண்டு நடந்த ஆய்வில், சில்லில் பொருத்திய காந்தங்களின் துணையால் பகலிலும் இரவிலும் எரிந்த விளக்குகளைப் பெற்றவர்களுக்கு, மற்றவர்களோடு மோதிக் காயமடையும் விபத்துகள் 47 சதவீதம் குறைவாக இருந்தன.

அழகைப் பொறுத்தவரை, பழைய லுமாலா சைக்கிளில் குரோம் பூசிய வட்ட விளக்குக்கு நிகர் இல்லை, அதற்குள் எல்.ஈ.டி. பல்பை மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. சில்லுக் கம்பிகளில் சுற்றும் வண்ண விளக்குகளைக் காலி முகத்திடலில் இளைஞர்கள் ஓட்டும்போது நின்று பார்க்கத் தோன்றும். சந்திகளில் பக்கவாட்டிலிருந்து வரும் வாகனத்துக்கும் அவை நன்றாகத் தெரிவதால், வெறும் அலங்காரம் என்று அவற்றை ஒதுக்க மாட்டேன். பெடலில் ஒட்டிய மஞ்சள் பிரதிபலிப்பான் இன்னும் மலிவு. ஏறி இறங்கும் அந்த அசைவைக் கண்டதுமே அது ஒரு மனிதனின் கால் என்று சாரதிக்குப் புரிந்துவிடும்.

எந்த விளக்கை வாங்கினாலும், அதை எங்கே பொருத்துகிறீர்கள் என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் பூட்டிய நல்ல விளக்கோடு பல நாள் ஓடினேன். ஒரு மழை இரவில் பின்னால் வந்த அண்ணன் மகன், கொள்ளுப்பிட்டியில் என்னை எட்டிப்பிடித்து, “சித்தப்பா, உங்கட பின்லைட் எரியுதெண்டே தெரியேல்லை” என்றான். மழைக்கோட்டின் தொங்கல் அதை முழுதாக மூடியிருந்தது. மறுநாளே அதைக் கழற்றி, கரியரின் பின் விளிம்பில் பூட்டினேன்.